சிரமதானத்துக்கு ஆள் வராவிட்டால்

தம்பி, ஒழுங்கை வாய்க்கால் அடைபட்டிருக்கு, சனசமூக நிலையத்தில் சிரமதானம் (ஊரார் கூடிக் கூலியில்லாமல் செய்யும் பொது வேலை) அறிவித்தும் 3 பேர்தான் வந்தார்கள், எனக்குத் தலைமை தாங்க வராதோ என்று கேட்டிருந்தீர்கள். பொது அறிவித்தலுக்கு யார் வருவார்கள்? வீடு வீடாகப் போய், “உங்கட படலையிலிருந்து மதகு வரைக்கும் நீங்கள் பார்ப்பீங்களா?” என்று கேளுங்கள். வேலிச் சண்டையில் முகம் பார்க்காதவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம், தனித்தனியாக.

அள்ளும் சேற்றைக் கரையில் விடாதீர்கள், முதல் மழைக்கே திரும்ப உள்ளே போய்விடும். அதை ஏற்ற உழவு இயந்திரம் கேட்டுப் பிரதேச சபைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடியுங்கள். நம் யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தேங்கும் அழுக்குத் தண்ணீர் கிணற்றுக்குத்தான் இறங்கும். டெங்கு வேறு. அப்புறம், வேலை செய்பவர்களுக்குப் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) யார் பொறுப்பு என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.