மதுரை டவுன் பஸ் படங்கள்: தடப்பலகை பாதி மறைவது ஏன்?

மேலூரிலிருந்து வந்து பெரியார் நிலையத்தில் எடுத்த பத்துப் படங்களிலும் பஸ்ஸின் தடப்பலகை பாதி எழுத்தோடு நிற்பதாக எழுதியிருந்தீர்கள். கேமராவில் பழுதில்லை. பலகையிலுள்ள எல்இடி விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. ஷட்டர் 1/500 நொடி மட்டும் திறந்தால், சில விளக்குகள் அணைந்திருக்கும் கணம் சிக்கிவிடும். 1/100 நொடியை விட மெதுவாக வைத்துப் பாருங்கள். அப்போது ஓடும் பஸ் கலங்கும். ஆகவே ஆட்கள் ஏறும் நேரத்தில், கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

ஓட்டமும் வேண்டுமென்றால் நிலையத்தை விட்டு ஏ.வி. பாலத்துக்குப் போங்கள். வைகை ஆற்றின் மேல் 1889இல் திறந்த பாலம், வடக்கு தெற்காகக் கிடக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேற்குப் பக்க நடைபாதையில் நின்றால் வெயில் உங்கள் முதுகில்; கோரிப்பாளையம் போகும் பஸ்ஸின் பக்கவாட்டு முழுவதும் பொன்னிறமாகிவிடும். 1/30 வைத்து, பஸ்ஸோடு சேர்த்துக் கேமராவையும் திருப்புங்கள். என் முதல் இருபது படங்கள் வீண். இருபத்தோராவதில் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த ஒரு பாட்டியின் வளையல் கூடத் தெளிவாக விழுந்தது.

ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், ஓட்டுநரின் கண் கூசும்.