குஞ்சு விட்டால் போதுமா?

கேள்வி: காவிரி சரணாலயத்தில் பணக்காரர்கள் பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டதைத் தடுத்தது சரிதானே? மாசீர் மீன் குறைந்தால் ஆற்றில் மீன்குஞ்சு விட்டால் போயிற்று! (ஈரோடு வாசகர்)

பதில்: தடை இருக்கட்டும், அந்த மீன்குஞ்சுக்கு வருகிறேன். குடத்தை ஆற்றில் கவிழ்த்துப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களை இந்தப் பக்கத்தில் பல வருடமாகத் திட்டி வருகிறேன். இன்றும் திட்டுவேன்.

காவிரிக்கே உரியது ஆரஞ்சு வால் கொண்ட கூன்முதுகு மாசீர். 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்ற தூண்டில்காரர் பிடித்தது 120 பவுண்டு, சுமார் 54 கிலோ! மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மீன் பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மாசீரை நல்லெண்ணத்தோடுதான் காவிரியில் விட்டார்கள். தூண்டில்காரர்களும் இதற்குத் துணை நின்றார்கள். வந்த மீன் பெருகியது. ஆற்றின் சொந்த மீன் அருகிப்போனது. அணை, மணல் கொள்ளை, மீன் பிடிக்க ஆற்றில் போடும் வெடி எல்லாம் சேர்ந்துதான் அதை ஒடுக்கின. ஆனாலும் குஞ்சு விட்டவர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

இது எப்படித் தெரிந்தது? காவிரிக் கரையில் இருந்த கலிபோர் தூண்டில் முகாமில் மீனைப் பிடித்து, எடை பார்த்து, திரும்ப விட்டவர்களின் பதிவேட்டிலிருந்து. 1998 முதல் 2012 வரையிலான கணக்கை ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். மாசீர் எண்ணிக்கை கூடியிருந்தது, கூன்முதுகு மட்டும் சரிந்திருந்தது. தூண்டில் நின்றதும் அந்தப் பதிவேடும் நின்றது. வெடி போடுகிறவர்களை விரட்டிய உள்ளூர் முகாம் ஆட்களும் போனார்கள்.

இவ்வளவு புகழ்பெற்ற மீனின் அறிவியல் பெயர் 2018-இல்தான் உறுதியானது: டோர் ரெமாதேவி. அதற்கு உதவியவை நீலகிரிப் பக்கம் ஓடும் நம் மோயாற்றில் கிடைத்த மீன்கள். பெயர் உறுதியான பிறகுதான் அழியும் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் அதைச் சேர்க்க முடிந்தது.

1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை இன்று எந்தக் குளத்தில் இல்லை? அப்புறம் ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு. நாட்டுக் கெளுத்தியைப் பார்த்தே எத்தனை நாளாயிற்று!

சரி, தடைக்கு வருகிறேன். மீனின் வாயில் முள் குத்துவது வதை என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தூண்டிலைத் தடுக்கிற அரசு, மீனை எண்ணும் வேலையையும் ஆற்றைக் காக்கும் வேலையையும் தானே ஏற்க வேண்டும். மோயாற்றில் வேற்று மீனின் குஞ்சு ஒன்றைக்கூட விடக் கூடாது. அங்கே குடத்தோடு யாராவது வந்தால், ஈரோட்டுக்காரரே, எனக்கு உடனே எழுதுங்கள்.