வாங்கியாச்சு, இனி? மலைப்பாதைச் சைக்கிள் கேள்வி பதில்

அண்மையில் வாங்கிய சைக்கிள் சாமான்கள், உடுப்புகள் பற்றி எழுதும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் பார்த்தால் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பணம் செலவழித்திருக்கிறார்கள். குறை தெரிந்தது மட்டும் இறக்கத்தில். அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

கேள்வி: "10,000 மி.மீ." என்று லேபல் போட்ட மழை ஜக்கெட் வாங்கினேன். தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறினேன். வெறும் தூறல்தான். ஆனாலும் உள்ளே போட்டிருந்த பருத்திப் பெனியனைப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகர், ஹட்டன்)

பதில்: அநேகமாக இல்லை. உங்களை நனைத்தது மழையல்ல, உங்கள் வியர்வை. 10,000 மி.மீ. என்பது 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்ற கணக்கு. தூறலுக்கு அது தாராளம். லேபலில் இன்னொரு எண் இருக்கும்: ஒரு சதுர மீட்டர் துணி 24 மணித்தியாலத்தில் எத்தனை கிராம் நீராவியை வெளியே விடும் என்பது. அதுவும் 10,000 என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. கடும் ஏற்றத்தில் ஓர் ஆள் மணிக்கு ஒரு லீட்டர் வரை வியர்ப்பார். போதாததற்கு அந்த எண் ஆய்வுகூடத்தில் எடுத்தது. உள்ளே ஈரமும் வெளியே வறட்சியும் இருந்தால்தான் நீராவி துணியைக் கடந்து போகும். நானுஓயாவில் மூடுபனி இறங்கியிருக்கும்போது வெளியேயும் அதே ஈரம். எந்த விலை ஜக்கெட்டும் அங்கே தோற்றுத்தான் போகும்.

சந்தேகம் தீர வேண்டுமானால் ஜக்கெட்டை உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். தோள் பகுதியைப் பை மாதிரிக் குழித்துப் பிடித்து, அரை லீட்டர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். தையலில் முத்து முத்தாகத் துளி கட்டினால் ஜக்கெட் பிழை. கட்டாவிட்டால் கடைக்காரரை விட்டுவிடலாம்.

இனிச் செய்ய வேண்டியது: ஏறும்போது ஜக்கெட் பையில் இருக்கட்டும். மெல்லிய பொலியஸ்டர் பெனியன் போடுங்கள். பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, இறக்கத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சும். காய்ந்த பெனியன் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு போங்கள். உச்சியில் நின்றதும் முதல் வேலை தேத்தண்ணியல்ல, பெனியன் மாற்றுவது. ஜக்கெட்டைப் போடுவது அதற்குப் பிறகுதான். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 பாகை வெப்பம் மாறும். 1868 மீட்டரிலுள்ள நுவரெலியாவிலிருந்து சுமார் 500 மீட்டரிலுள்ள கண்டிக்கு வந்தால் 9 பாகை வித்தியாசம். ஆனால் இறக்கத்தின் தொடக்கத்தில், மிதிக்காமல் 40 கி.மீ. வேகத்தில் ஈரப் பெனியனோடு வருகிறவருக்கு அந்த 9 பாகை எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது.

பேல் பஜார் உடுப்புக் கடைகளில் ஜக்கெட் தேடுகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. உட்புறத் தையல்களின் மேல் பட்டி ஒட்டியிருக்க வேண்டும். அதை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் பொருக்காக உதிர்ந்தால் உள்பூச்சு செத்துவிட்டது. 200 ரூபாவுக்குத் தந்தாலும் வேண்டாம். துணியில் வாயை வைத்து ஊதுங்கள். காற்று மறுபக்கம் போனால் அது குளிருக்கும் உதவாது. பின்பக்கம் இடுப்புக்குக் கீழே இறங்கியிருப்பதையே எடுங்கள். குனிந்து ஓட்டும்போது முதுகு அடியில்தான் வெளியே தெரியும். பொன்சோ வேண்டவே வேண்டாம். அது பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடிக்கும்.

கேள்வி: அடியில் மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டை இரண்டு வாங்கினேன். சுடிதாருக்குள் போட்டுக்கொண்டு ஹப்புத்தளை வரை போய்வந்ததில் தொடை இடுக்கு புண்ணாகிவிட்டது. சீட்டுக்கு ஜெல் உறை போட்டால் சரியாகுமா? (வாசகி, பண்டாரவளை)

பதில்: ஜெல் உறைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது சீட்டின் மேல் நகரும், நகர்வது உராயும். மிருதுவான உறையில் இடுப்பெலும்பின் இரண்டு முனைகளும் புதைந்துபோக, நடுவிலுள்ள மெல்லிய சதைதான் பாரத்தைத் தாங்க வேண்டிவரும்.

காற்சட்டைக்குள் உள்ளாடையும் போட்டிருந்தீர்களா? பெரும்பாலும் பிழை அங்கேதான். அந்த மெத்தை நேரே தோலில் படத் தைத்தது. இடையில் உள்ளாடை வந்தால் அதன் விளிம்புத் தையல் ஒவ்வொரு மிதிக்கும் ஒரே இடத்தை அறுக்கும். அடுத்தது சீட்டின் உயரம். குதிகாலை மிதியில் வைத்து, மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக வர வேண்டும். சீட் அதைவிட உயரமாக இருந்தால் இடுப்பு இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டமே தோலை உரிக்கும். ஒரு தடவைக்கு 5 மி.மீ. இறக்கி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். ஆண்களின் அளவில் தைத்த மெத்தை பெண்களுக்கு ஒத்துவராது. பெண்களுக்குரியது பின்பக்கம் அகலமாகவும் முன்பக்கம் குட்டையாகவும் இருக்கும். வாங்கியது எது என்று லேபலைப் பாருங்கள்.

கழுவுவதில்தான் மலைநாட்டுக்காரருக்குச் சிக்கல். வந்த அன்றே, உட்புறத்தைத் திருப்பி, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது மெத்தையின் துளைகளை அடைத்துவிடும். முறுக்கிப் பிழியக்கூடாது. காய்ந்த துவாயில் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதியுங்கள், பாதி ஈரம் துவாய்க்குப் போய்விடும். மெத்தை வெளியே தெரியும்படி காற்றில் தொங்கவிடுங்கள். அடுப்புக்கு மேல் கட்டினால் ஒரே மாதத்தில் இலாஸ்டிக் தளர்ந்துவிடும். அரை ஈரத்தோடு மறுநாள் போட்டால் கொப்புளம் நிச்சயம். உங்கள் பக்கம் நவம்பர், டிசம்பர் மழையில் ஒன்று காய இரண்டு நாள் எடுக்கும். ஆகவே இரண்டு வாங்கியது சரி. தினமும் ஓட்டுகிறவர் என்றால் மூன்று.

துப்பட்டாவைப் பையில் வையுங்கள். அது பின்சில்லில் சுற்றினால் கழுத்துக்கு ஆபத்து. சுடிதாரின் வலது காலைக் கணுக்காலில் பட்டியால் கட்டுங்கள், சங்கிலி அந்தப் பக்கம்தான். ஒளி தெறிக்கும் பட்டியாக வாங்கினால் இரட்டைப் பயன்: மேலும் கீழும் போகும் கால் மின்னுவதை வைத்தே, வருவது சைக்கிள் என்று பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: பாவித்த மவுண்டன் பைக் ஒன்று எடுத்தேன். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக். றம்பொடைப் பக்கம் இறங்கும்போது கத்தத் தொடங்கியது. பிறகு லீவர் ஹேண்டில் வரை வந்துவிட்டது. நிறுத்தி வைத்தால் கால் மணித்தியாலத்தில் பழையபடி சரி. புதுப் பிரேக் கட்டை வாங்கிவிட்டேன், போதுமா? (வாசகர், நுவரெலியா)

பதில்: போதாது. சூடேறினால் லீவர் அமிழ்கிறது, ஆறினால் சரியாகிறது என்றால் எண்ணெய்க்குள் காற்றோ தண்ணீரோ இருக்கிறது. தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போடுவோம். நீங்களும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ என்றால், 100 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் சக்தி 250 மில்லிலீட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதாவது ஒரு பெரிய கப் தேத்தண்ணி. மெதுவாக இறங்கினால் காற்று அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், மீதி முழுக்க அந்த மெல்லிய டிஸ்க் தட்டுக்கும் கட்டைக்கும். நுவரெலியாவிலிருந்து கம்பளை வரை எத்தனை கப் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஏற்ற வேண்டும். லீவர் மூடியில் "மினரல்" என்றோ "டொட்" (DOT, மோட்டார் வாகனங்களுக்கு ஊற்றும் பிரேக் எண்ணெய்) என்றோ எழுதியிருக்கும். ஒன்றுக்குரியதில் மற்றதை ஊற்றினால் உள்ளே உள்ள றப்பர் வளையங்கள் ஊதிப்போய்ப் பிரேக்கே போய்விடும். மோட்டார் சைக்கிள் கடையில் கொடுப்பதானால் இதைச் சொல்லிக் கொடுங்கள். அங்கே கைக்கு எட்டுவது டொட் போத்தல்தான். ஷிமானோ பிரேக்குகளுக்கு மினரல் எண்ணெய்.

அடுத்தது தட்டு. ஷிமானோ தட்டு புதிதில் 1.8 மி.மீ. தடிப்பு. 1.5 ஆகத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். கட்டையின் உரசும் பகுதி 0.5 மி.மீ. ஆனால் அதுவும் முடிந்தது. கட்டையில் இரண்டு வகை உண்டு. ரெசின் கட்டை சத்தமில்லாமல் பிடிக்கும், நீண்ட இறக்கத்திலும் மழைச் சேற்றிலும் சீக்கிரம் கரையும். உலோகத் தூள் கட்டை கொஞ்சம் கத்தும், சூட்டைத் தாங்கும். உங்கள் பாதைக்கு இரண்டாவதுதான். ஆனால் தட்டில் "ரெசின் மட்டும்" என்று பொறித்திருந்தால் அதைப் போடாதீர்கள், மென்மையான தட்டைத் தின்றுவிடும்.

புதுக் கட்டையோடு நேரே றம்பொடைக்கு இறங்கவும் வேண்டாம். சமதரையில் 20 கி.மீ. வேகம் எடுத்து, சில்லு பூட்டாமல் நடை வேகத்துக்குக் குறையுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே 20 தடவை. தட்டை விரலால் தொடக்கூடாது, சங்கிலிக்கு ஸ்பிரே அடிக்கும்போது துணியால் மூடுங்கள். எண்ணெய் குடித்த கட்டையை எரித்துச் சுத்தம் செய்யலாம் என்பார்கள். காசைப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

ஓட்டும் முறையையும் மாற்ற வேண்டும். வழி நெடுகத் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நேர்ப்பாதையில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் தட்டு ஆறும்.

ரிம்மில் பிடிக்கும் பிரேக்காரர்களுக்கு: கட்டையில் புதைந்த அலுமினியத் துணுக்குகளை ஊசியால் கிண்டி எடுங்கள். கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு மி.மீ. முந்தி ரிம்மில் படும்படி பூட்டினால் கத்தாது. பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டை மடித்து வைத்து இறுக்கினால் அளவு தானாக வரும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் முதல் சில சுற்றுக்குப் பிரேக்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லிப்டன் சீட் மலைக்கு ஏறுவதற்கென்று, பின்சில்லின் 7 பல்வட்டப் பிரீவீலை 14-28 பல்லிலிருந்து 14-34 ஆக மாற்றினேன். சங்கிலி பழையதே. இப்போது சின்னப் பல்வட்டத்தில் சங்கிலி வழுக்குகிறது, பெரியதில் இறுகி நிற்கிறது. (வாசகர், ஹப்புத்தளை)

பதில்: வாங்கியது நல்ல சாமான். முன் பல்வட்டம் 28, பின் 34 என்றால் 26 அங்குலச் சில்லில் ஒரு மிதிச்சுற்றுக்குச் சுமார் 1.7 மீட்டர். முன்பு 2 மீட்டருக்கு மேல். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6 கி.மீ., நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம். ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

வழுக்குவது பழைய சங்கிலியால். சங்கிலியில் ஒரு முளையின் நடுவிலிருந்து அடிமட்டத்தை வையுங்கள். 24 கணு தள்ளி வரும் முளை சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம். எட்டில் ஒன்று கூடியிருந்தால் முன் பற்களையும் பாருங்கள். இறுகுவது நீளம் போதாததால். புதுச் சங்கிலியைக் கியர் மாற்றியின் வழியாக விடாமல், முன் பெரியதையும் பின் பெரியதையும் மட்டும் சுற்றிப் பிடித்து, முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் ஒரு உட்கணுவும் ஒரு வெளிக்கணுவும் கூட்டி வெட்டுங்கள். உங்கள் கியர் மாற்றி 34 பல்லை ஏற்கும் வகையா என்றும் பாருங்கள். 28க்கு மேல் ஏற்காதவையும் உண்டு. அதன் மேல் உருளை பல்வட்டத்தில் உராய்ந்தால் பின்புறத் திருகாணியை முறுக்கிப் பார்க்கலாம், அதற்கும் எல்லை உண்டு.

ஹப்பின் மரையில் கிறீஸ் பூசினீர்களா? ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் பிரீவீல் இறுகிக்கொண்டே போகும். கிறீஸ் இல்லாமல் பூட்டியதை அடுத்த தடவை கழற்ற இரண்டு பேரும் ஒரு நீளக் குழாயும் வேண்டும்.

கேள்வி: அப்பாவின் பழைய ஸ்டாண்டர்ட் சைக்கிளுக்கு 28 அங்குல டயர் என்று கேட்டு வாங்கினேன். ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது. (வாசகர், கொட்டகலை)

பதில்: உங்களுக்குக் கிடைத்தது 700 சி என்ற அளவு. அதையும் 28 என்றுதான் சொல்வார்கள். அதன் உள்விட்டம் 622 மி.மீ., பழைய ஸ்டாண்டர்ட் ரிம்முக்கு வேண்டியது 635. நெம்பி ஏற்ற முயன்றால் டயரின் உட்கம்பி அறும். பக்கச் சுவரில் 40-635 என்று அச்சிட்டிருப்பதைக் கேளுங்கள். 26 அங்குலத்திலும் இதே கூத்து: 26 x 1⅜ என்றால் 590, 26 x 1.95 என்றால் 559. அங்குலத்தை நம்பாமல் மூன்றிலக்க எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: 1000 லூமன் முன்விளக்கு வாங்கினேன். மூடுபனியில் ஒன்றுமே தெரியவில்லை. விரலும் மரத்துப்போகிறது. (வாசகர், பட்டிப்பொல)

பதில்: மூடுபனியில் கூடிய வெளிச்சம் வெள்ளைச் சுவராகத் திரும்பிக் கண்ணில் அடிக்கும். குறைந்த நிலைக்கு மாற்றி, ஒளி 5, 6 மீட்டருக்கு முன்னால் பாதையில் விழும்படி சாய்த்து வையுங்கள். முடிந்தால் தலையில் மாட்டாமல் ஹேண்டிலுக்குக் கீழே பூட்டுங்கள். பின்சிவப்பு விளக்கை மினுக்க விடாமல் நிலையாக எரிய விடுங்கள். மினுங்கினால் பின்னால் வருகிறவருக்குத் தூரம் பிடிபடாது.

விரலுக்கு முழுவிரல் கையுறை. மழை நாளில் அதன் மேல் பாத்திரம் கழுவும் றப்பர் கையுறையை ஒரு அளவு பெரிதாக வாங்கி மாட்டுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, காற்றும் தண்ணீரும் உள்ளே போகாது. கையுறை தடிப்பானால் பிரேக் லீவரை ஹேண்டிலுக்குக் கிட்டக் கொண்டுவரும் சின்னத் திருகாணியை அரைச் சுற்று சரிசெய்யுங்கள். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் போகும் நாளில் சொக்ஸுக்கு மேல் சவர்க்காரத்தையும் தேய்த்துக்கொள்ளுங்கள், அது இரத்தம் குடிக்கும் அட்டை ஏறாமலிருக்க.