ஸ்டாக்ஃபிஷ் 34, லீலா 12: ஆழத்தை ஒப்பிடலாமா?

வணக்கம் நண்பரே. ஸ்டாக்ஃபிஷ், லீலா என்ற இரண்டு சதுரங்க நிரல்களிலும் ஒரே ஆட்ட நிலையை ஒரு நிமிடம் ஓடவிட்டதில் ஸ்டாக்ஃபிஷ் 34 ஆழமும் (எத்தனை நகர்வு முன்னோக்கித் தேடியது என்று காட்டும் எண்) லீலா 12-ம் காட்டியதால், லீலா மட்டமானது என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஸ்டாக்ஃபிஷ் சுற்றுக்குச் சுற்று ஆழத்தைக் கூட்டித் தேடும்; அதன் 34 என்பது அந்தச் சுற்றின் எண்தான். நல்லதாக இருக்க வாய்ப்பு குறைவு என்று பட்டியலில் பின்னால் வைத்த நகர்வுகளை அது ஆழம் குறைத்தே பார்க்கும், பலவற்றை வெட்டியே விடும். முக்கியமான நகர்வுத் தொடர்கள் 34-ஐயும் தாண்டும். 'செல்டெப்த்' என்று பக்கத்தில் வருவது அதுதான். லீலாவோ தன் நரம்பு வலையமைப்பு நம்பும் கிளைகளில்தான் அதிகம் இறங்கும். அது காட்டுவது சராசரி ஆழம்.

நிஜமாக ஒப்பிட, சம நேரம் கொடுத்து, நிறம் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கில் ஆட்டங்களை மோதவிடுங்கள். அப்புறம், கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் லீலாவைச் சோதிப்பது நியாயமே இல்லை. உங்களிடம் என்ன கார்டு இருக்கிறது?