பந்தயமும் ஓட்ட வேண்டும், கழுத்தும் வலிக்கக் கூடாது: எந்த ரோட் பைக் வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 43. ஞாயிறுதோறும் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். வருடத்துக்கு மூன்று நான்கு பந்தயங்களில் கலந்துகொள்வேன். இப்போதுள்ள பழைய அலுமினிய ரோட் பைக்கில் இரண்டு மணி நேரம் தாண்டினால் கழுத்து பிடித்துக்கொள்கிறது, சுண்டுவிரல் மரத்துப்போகிறது. புதிது வாங்கலாம் என்று போனால் கடையில் ‘ரேஸ்’ மாடல் எடுங்கள் என்கிறார்கள். கூட ஓட்டும் நண்பரோ ‘எண்டூரன்ஸ்’ எடு, இல்லாவிட்டால் முதுகு போய்விடும் என்கிறார். வேகமும் குறையக் கூடாது, வலியும் இருக்கக் கூடாது. எதை வாங்க?

பதில்: இரண்டு பேருமே பெயரை வைத்துப் பேசுகிறார்கள். குனிந்து வேகமாக ஓட்ட ரேஸ், நிமிர்ந்து நெடுந்தூரம் ஓட்ட எண்டூரன்ஸ் என்பார்கள், ஆனால் இவை விற்பனைக்காக ஒட்டும் பெயர்கள். ஒரு நிறுவனம் ரேஸ் என்று விற்கும் ஃப்ரேமும் இன்னொரு நிறுவனம் எண்டூரன்ஸ் என்று விற்கும் ஃப்ரேமும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உங்கள் கழுத்துக்குப் பெயர் தெரியாது. ஹேண்டில்பார் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

எந்த ஃப்ரேமுக்கும் முக்கியமான எண்கள் இரண்டு. பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, ஹேண்டில்பார் பொருந்தும் முன்குழாயின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். அதே மையத்திலிருந்து அந்த முனை எவ்வளவு முன்னே தள்ளி இருக்கிறது என்பது ரீச். ஸ்டேக் கூடினால் நிமிர்ந்து உட்காருவீர்கள், ரீச் கூடினால் நீட்டிப் படுப்பீர்கள். சீட் குழாயின் கோணம், முன்குழாயின் கோணம் என்று நிறுவனம் தரும் அளவு அட்டவணையில் இன்னும் பல எண்கள் இருக்கும். உங்கள் பிரச்சினைக்கு அவை வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கு. நடுத்தர அளவில் ஒரு ரேஸ் ஃப்ரேம், ஸ்டேக் 560 மி.மீ., ரீச் 390 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓர் எண்டூரன்ஸ் ஃப்ரேம், ஸ்டேக் 595, ரீச் 380. ஹேண்டில்பாரை முன்குழாயோடு இணைக்கும் துண்டு ஸ்டெம், உயரம் கூட்ட அதற்கு அடியில் போடும் வளையம் ஸ்பேசர். முதல் ஃப்ரேமில் ஸ்டெம்முக்கு அடியில் 35 மி.மீ. ஸ்பேசர் போட்டால் என்ன ஆகும்? முன்குழாய் நேராக நிற்பதில்லை, பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு 10 மி.மீ. ஸ்பேசருக்கும் ஹேண்டில்பார் மேலே ஏறுவதோடு சுமார் 3 மி.மீ. பின்னாலும் வரும். 35 மி.மீ. ஏற்றினால் 10 மி.மீ. பின்னால் வந்துவிடும். அதாவது 390 என்பது 380 ஆகிவிட்டது, உயரமும் கிட்டத்தட்ட 595க்கு வந்துவிட்டது. இரண்டு சைக்கிளிலும் உங்கள் கை ஒரே இடத்தில்! கடைக்காரரும் நண்பரும் சண்டை போடும் வித்தியாசம் மூன்றரை சென்டிமீட்டர் ஸ்பேசர்தான்.

அப்படியானால் எதை வாங்கினாலும் ஒன்றுதானா என்றால், இல்லை. 35 மி.மீ. ஸ்பேசர் என்பது கார்பன் ஃபோர்க்குக்கு, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைக்கு, பல நிறுவனங்கள் அனுமதிக்கும் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஏற்ற வழியே இல்லை. எண்டூரன்ஸ் ஃப்ரேமில் அதே இடத்தில் ஸ்பேசரே இல்லாமல் தொடங்குகிறீர்கள். வேண்டுமானால் மேலே போகலாம், கீழே போக முடியாது. உங்கள் கை நிற்க வேண்டிய இடம் எது என்று தெரிந்தால், எந்த ஃப்ரேம் அந்த இடத்தை நடுவில் வைத்து மேலும் கீழும் கொஞ்சம் விட்டுத் தருகிறதோ அதுதான் உங்களுக்கான ஃப்ரேம்.

அந்த இடத்தைப் பழைய சைக்கிளிலேயே கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் கடைக்குள் கால் வைக்காதீர்கள்.

முதலில் சீட் மட்டமாக இருக்கிறதா பாருங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தாங்கிப் பிடிப்பது உங்கள் உள்ளங்கை. சுண்டுவிரல் மரத்துப்போக இது ஒன்றே போதும். அப்புறம் சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடக் கூடாது. இவை சரியான பிறகு ஹேண்டில்பாரை 10 மி.மீ. ஏற்றி இரண்டு வாரம் ஓட்டுங்கள். வலி குறைந்தும் முழுதாகப் போகவில்லை என்றால் இன்னும் 10 மி.மீ. ஸ்பேசர் மிச்சம் இல்லையென்றால் ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலே ஹேண்டில்பார் மேலே வரும். செலவே இல்லாத வேலை. மூன்று மணி நேரம் ஓட்டி இறங்கிய பிறகும் கழுத்தைத் திருப்ப முடிகிற இடம் வரும். அங்கே நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் அளந்துவிடுங்கள். சைக்கிளை மட்டமான தரையில், முன்சக்கரம் சுவரைத் தொடும்படி யாரையாவது நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து பெடல் அச்சின் மையம் வரை ஓர் அளவு, தரையிலிருந்து ஹேண்டில்பாரின் மையம் வரை ஓர் அளவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் உயரம். அதேபோல் சுவரிலிருந்து இரண்டு இடங்களுக்கும் அளந்து கழித்தால் தூரம். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இந்தச் சைக்கிளில் ஹேண்டில்பார் இந்த இடத்துக்கு வர எத்தனை ஸ்பேசர், எவ்வளவு நீள ஸ்டெம் வேண்டும்?” பதில் 10 முதல் 25 மி.மீ. ஸ்பேசருக்குள்ளும், 90 முதல் 110 மி.மீ. ஸ்டெம்முக்குள்ளும் வந்தால் தாராளமாக வாங்கலாம், பெயர் எதுவாக இருந்தாலும். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

இதில் ஒரு வகை உடம்புக்காரர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கால் குட்டையாகவும் மேலுடம்பு நீளமாகவும் உள்ளவர்கள். நீங்களும் அப்படியா என்று பார்த்துவிடுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட் போல மேலே அழுத்தி, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளக்கவும். பலருக்கு இது மொத்த உயரத்தில் 46, 47 சதவீதம் இருக்கும். 45க்குக் கீழே இருந்தால் நீங்கள் இந்த வகை. இவர்களுக்கு வலி வந்தால் எல்லோரும் எண்டூரன்ஸ் எடு என்றுதான் சொல்வார்கள். எண்டூரன்ஸ் ஃப்ரேமில் ஸ்டேக் கூடுவதோடு ரீச்சும் குறைகிறது. நீளமான மேலுடம்பை அதற்குள் மடக்கி உட்கார வைத்தால் முதுகு கூன் போட்டு வளையும், தோள் காதுக்கு ஏறும், கழுத்து இன்னும் அதிகமாக நிமிர வேண்டிவரும். வலி குறைய வாங்கிய சைக்கிளில் வலி கூடும். என்னிடம் ஒருவர் இப்படித்தான் வந்தார். ஒரே ஆண்டில் இரண்டு எண்டூரன்ஸ் சைக்கிள் மாற்றியிருந்தார், ஒவ்வொன்றும் முந்தையதைவிட நிமிர்ந்தது. அவரை ஓட்டச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். முழங்கை மடங்கி விலாவில் இடித்துக்கொண்டிருந்தது. அவருடைய பழைய ரேஸ் ஃப்ரேமையே எடுத்து, சீட்டை 8 மி.மீ. இறக்கி, 20 மி.மீ. ஸ்பேசர் ஏற்றியதும் சரியாகிவிட்டது. இந்த வகை உடம்புக்கு நீளமான ரேஸ் ஃப்ரேமும் கொஞ்சம் ஸ்பேசரும்தான் சரி. கால் நீளமாக இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது டயர். சொகுசு ஃப்ரேமின் கார்பனில் இருக்கிறது என்று காலம்காலமாக நம்ப வைத்திருக்கிறார்கள். சாலையின் அதிர்வை முதலில் வாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. உங்கள் பழைய சைக்கிளில் 23 அல்லது 25 மி.மீ. டயரில் 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது கல்லின் மேல் கல். 75 கிலோ எடையுள்ளவர் 32 மி.மீ. டயரில் 55, 60 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். வேகம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். டயர் இறுகிக் கிடந்தால் ஒவ்வொரு சிறு மேட்டுக்கும் சைக்கிளும் நீங்களும் சேர்ந்து தூக்கிப் போடப்படுகிறீர்கள், அதற்குச் செலவாவது உங்கள் கால் பலம். பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் சுமார் 55 கிலோமீட்டர் கரடுமுரடான கல்பாவிய சாலை. 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளும் அதை வென்ற மாத்தியூ வான் டெர் பூல் ஓட்டியது காற்றைக் கிழிக்கும் ஏரோ ரேஸ் ஃப்ரேம்தான், அகலமான டயருடன். ஆகவே எந்த ஃப்ரேம் வாங்கினாலும் 32 மி.மீ. டயர் உள்ளே போகுமா என்று கேளுங்கள். “28 போகும் சார், அதுவே போதும்” என்றால் அடுத்ததைப் பாருங்கள். சக்கரத்தின் ரிம் ஹுக்லெஸ் வகையாக, அதாவது டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாததாக, இருந்தால் 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐக்கு மேல் காற்று அடிக்கவே கூடாது. டயரும் அந்த வகை ரிம்முக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். இதைச் சொல்லாமலே விற்கிறார்கள், கோபமாக வருகிறது.

எடையைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ 2000ஆம் ஆண்டு முதல் 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளைத் தன் பந்தயங்களில் அனுமதிப்பதில்லை. உங்கள் சைக்கிள் அதைவிட ஒரு கிலோ கூட இருந்தால், நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்தால், அரை மணி நேர மலையேற்றத்தில் சுமார் 20 விநாடி போகும். கழுத்து வலியால் கடைசி ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து எதிர்காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஓட்டினால் நிமிடக் கணக்கில் போகும். சமதரையில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் உங்களைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுதான், அதிலும் பெரும்பங்கு உங்கள் உடம்பு மேல் மோதுவது. மூன்றாவது மணி நேரத்திலும் முழங்கையை மடக்கிக் குனிந்திருக்க முடிகிற சைக்கிள்தான் உங்களுக்கு வேகமான சைக்கிள்.

இனி, ஏமாறாமல் இருக்க.

கடையில் கையிருப்பில் உள்ள அளவைத்தான் உங்கள் அளவு என்பார்கள். 54 என்ற ஃப்ரேம் அளவு இருந்தால் நீங்கள் 54, தீர்ந்துவிட்டால் “56 எடுங்க, சின்ன ஸ்டெம் போட்டுத் தரேன்.” ஒரு நிறுவனத்தின் 54 இன்னொன்றின் 56 ஆக இருக்கும் இந்தத் தொழிலில் அளவுப் பெயருக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஒரே முறையில் அளவைக் குறிக்க வேண்டும் என்று இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. செருப்பு வாங்குகிறவனுக்குக் கிடைக்கும் மரியாதை சைக்கிள் வாங்குகிறவனுக்குக் கிடைப்பதில்லை.

அடுத்தது இலவச பைக் ஃபிட்டிங், அதாவது உங்கள் உடம்புக்கு ஏற்ப சீட்டையும் ஹேண்டில்பாரையும் சரிசெய்து தருவது. பணம் கட்டி, சைக்கிள் கைக்கு வந்த பிறகு செய்யும் ஃபிட்டிங்கில் அந்தச் சைக்கிளுக்கு உங்களை வளைப்பார்கள். விற்றவரே அளந்து பார்த்து “தப்பான அளவு விற்றுவிட்டேன்” என்று சொல்லப்போவதில்லை. ஃபிட்டிங் வேண்டுமென்றால் வாங்கும் முன்பு, சைக்கிள் விற்காத ஒருவரிடம், காசு கொடுத்துச் செய்யுங்கள். அவர் ஒரு குறிப்பிட்ட கடைக்கு அனுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டாக வரும் காக்பிட். பார்க்க அழகாக இருக்கும், ஒரு வயரும் வெளியே தெரியாது. 10 மி.மீ. நீளம் மாற்ற வேண்டும் என்றால் முழுத் துண்டையும் புதிதாக வாங்க வேண்டும், பலவற்றில் பிரேக் குழாயைக் கழற்றி எண்ணெய் மாற்றிக் காற்று நீக்க வேண்டும். பத்து நிமிட வேலையை ஒரு நாள் வேலையாக்கி வைத்திருக்கிறார்கள், ஓட்டுபவனைக் கேட்டா செய்தார்கள்? உங்களைப் போல இன்னும் இடம் தேடிக்கொண்டிருப்பவருக்கு ஸ்டெம் தனி, ஹேண்டில்பார் தனி. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பழைய கார்பன் சைக்கிளைத் தரகர் மூலம் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே விரிசல் இருந்தாலும் வெளியே பெயிண்ட் பளபளக்கும்.

கியர் சுருக்கமாக: முன்னால் 50 பல், 34 பல் என்று இரண்டு பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் 34 பல். மலைக்கும் போதும், பந்தயத்துக்கும் போதும்.

நீங்கள் சொன்ன வயது, ஓட்டும் தூரம், வலி வரும் நேரம் எல்லாம் பார்த்தால், உங்கள் எண்கள் நடுத்தர எண்டூரன்ஸ் ஃப்ரேமில் குறைந்த ஸ்பேசருடனோ, ஸ்டேக் கொஞ்சம் கூடிய ரேஸ் ஃப்ரேமில் 20 மி.மீ. ஸ்பேசருடனோ வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். இரண்டும் கிடைத்தால், பந்தயங்களை நீங்கள் விடப்போவதில்லை என்பதால், இரண்டாவதை எடுங்கள்.

டெலிவரி எடுக்கும்போது ஒன்று மட்டும் எழுதி வாங்குங்கள்: ஸ்டீரர் என்று சொல்லும் ஃபோர்க்கின் மேல்குழாயை வெட்டக் கூடாது. “நீட்டிக்கொண்டிருந்தால் அசிங்கமாக இருக்கும்” என்று உங்களைக் கேட்காமலே வெட்டிவிடுவார்கள். வெட்டிய குழாய் வளராது, புது ஃபோர்க்தான் வாங்க வேண்டும். மிச்ச ஸ்பேசரை ஸ்டெம்முக்கு மேலே அடுக்கி வைத்து மூன்று மாதம் ஓட்டுங்கள். ஒரு பந்தயமும் முடியட்டும். அதற்குப் பிறகும் ஹேண்டில்பார் அதே இடத்தில் இருந்தால் அப்போது வெட்டிக்கொள்ளலாம், அதுவும் 5 மி.மீ. மிச்சம் விட்டு.