குளியலறையில் இல்லாத தோழி

கேள்வி: நான் 36 வயதுப் பெண். அப்பா இறந்த பின் அம்மாவும் நானும் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். பல வருடச் சேமிப்பில் சென்ற மாதம் முதன்முதலாகத் தனியே சிங்கப்பூருக்குப் போய் ஆறு நாட்கள் தங்கினேன். பகலில் எப்படியோ சுற்றினேன். பொழுது சாய்ந்ததும், தனியாக எங்கே போவது, எங்கே இருந்து சாப்பிடுவது என்ற கூச்சத்தில் சாப்பாட்டுப் பார்சலுடன் அறைக்குத் திரும்பிவிடுவேன். அம்மா தினமும் விளக்கேற்றிவிட்டு ஆறேகாலுக்கு வட்ஸ்அப்பில் கூப்பிடுவார். அலுவலகத் தோழியுடன் போவதாகச் சொல்லியிருந்ததால், அவளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் "குளிக்கிறாள்" என்று சமாளித்தேன். தோழியும் அந்த ஆறு நாட்கள் வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் வராமல் இருந்து உதவினாள். ஒருநாள் புலாவ் உபின் தீவைப் பார்க்கச் சாங்கிப் படகுத்துறை வரை போனேன். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு புறப்படும் என்றார்கள். "தனியாகவா வந்தீர்கள்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து திரும்பிவிட்டேன். அடுத்த வருடம் பினாங்குக்குப் போக ஆசை. இந்தக் கூச்சத்தை எப்படிப் போக்குவது?

பதில்: வெளிநாட்டில் மாலைப் பொழுதைத் தனியே கழிக்கத் தெரியவில்லை என்று எழுதும் பெண்களின் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. அவர்களுக்குச் சொல்லும் வழிகளை உங்களுக்கும் சொல்வேன். அதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு சொல்லில் நான் நிற்க வேண்டியிருக்கிறது. "குளிக்கிறாள்."

ஆறு நாட்களும் அதே வேளையில் ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்தாள் என்பதை உங்கள் அம்மா நம்பியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மேலும் கேட்டால் மகள் இன்னொரு பொய் சொல்ல நேரும் என்று அறிந்து, கேளாமல் விட்டிருப்பார். பிள்ளை வளர்த்த தாய்மார் பலர் அப்படித்தான் மௌனமாக இருக்கிறார்கள்.

கொழும்பைவிடச் சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது. அம்மாவின் ஆறேகால் உங்களுக்கு இரவு எட்டேமுக்கால். கரையோரப் பூந்தோட்டங்களில் வானளாவிய செயற்கை மரங்கள் இசைக்கேற்ப ஒளிரும் காட்சி ஒவ்வோர் இரவும் 7.45க்கும் 8.45க்கும் நடைபெறுகிறது. கட்டணம் இல்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இருட்டில் பக்கத்தில் இருப்பவர் யாருடன் வந்தார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கூச்சமுள்ள ஒருவருக்கு இதைவிட உகந்த மாலையை நான் அறியேன். அந்த எட்டேமுக்காலுக்கு நீங்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் இருந்தீர்கள். பின்னால் ஒரு சுவர் தெரிய வேண்டும், சுவருக்கு அப்பால் ஒரு குளியலறை இருக்க வேண்டும், அதற்குள் இல்லாத ஒருத்தி இருக்க வேண்டும். உங்களை அறைக்குள் அடைத்தது கூச்சம் மட்டுமல்ல, மகளே. உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால், தொலைபேசியை மரங்களின் பக்கம் திருப்பியிருப்பீர்கள்; வெள்ளவத்தையில் அப்போதுதான் விளக்கேற்றிய அம்மாவும் அந்த ஒளியைப் பார்த்திருப்பார்.

படகுத்துறையில் நடந்ததும் இதுவேதான். "தனியாகவா வந்தீர்கள்?" என்பது முன்பின் தெரியாத ஒருவர் சாதாரணமாகக் கேட்டு மறந்துவிடும் கேள்வி. அது உங்களைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம், அதே கேள்விக்கு வீட்டில் "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்திருந்தீர்கள். சாங்கித் துறையிலோ தனியாக வருபவருக்குத் தனி மதிப்பே உண்டு. பதினொரு பேர் படகுக்காகக் காத்திருக்கையில், பன்னிரண்டாவதாகப் படியிறங்கி வருபவரைப் போல வரவேற்கப்படுபவர் யாருமில்லை.

"அம்மா கவலைப்படக் கூடாது என்பதற்காகத்தான் சொல்லவில்லை" என்று எனக்கு எழுதுபவர்கள் பலர். அதை நான் ஏற்பதில்லை. முப்பத்தாறு வயதில், உழைத்துச் சேமித்த பணத்தில் ஊர் பார்க்கப் போகும் பெண் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. திருமணமாகாத மகள் வீட்டைத் தாங்குவதோடு அவள் வாழ்வு முடிந்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அனுமதி கேட்பது வேறு, தெரிவிப்பது வேறு. தன் மகள் இன்றிரவு எந்த ஊரில், யாருடன் அல்லது தனியாக உறங்குகிறாள் என்பதை அறியத் தாய்க்கு உரிமை உண்டு, அதைச் சொல்வது மகளின் கடமை. நள்ளிரவில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டிருந்தால் அம்மா யாரை அழைத்திருப்பார்? அந்தத் தோழியை. அவள் தொலைபேசி கொழும்பில் ஒலித்திருக்கும். அந்தக் கணத்தில் உங்கள் தாயின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒருமுறையாவது நினைத்தீர்களா? ஆறு நாட்கள் சந்தைக்கும் வராமல் ஒளிந்திருக்கச் செய்ததற்காக அந்தத் தோழியிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை உதவி என்று எழுதியிருக்கிறீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாலையில் தனியாகச் சாப்பிட உணவகங்களைத் தேடாதீர்கள்; பல சிறு உணவுக்கடைகள் ஒரே இடத்தில் இருக்கும் உணவங்காடிக்குப் போங்கள். 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற சிங்கப்பூரின் அந்த அங்காடிப் பண்பாட்டில் அந்நியர்கள் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது வழக்கம். உணவு வாங்க எழுந்து போகும்போது மேசையில் ஒரு டிஷூ பொதியை வைத்துவிட்டுப் போனால், இடம் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று எல்லோரும் அறிந்துகொள்வார்கள். உங்களைப் போலவே வேலை முடிந்து தனியே வந்து சாப்பிடுபவர்கள் அங்கே நிறைய உண்டு. மாலைக்கு இன்னோரிடமும் இருந்தது. கத்தோங்கில் சிலோன் ரோட்டில் இருக்கும் செண்பக விநாயகர் கோயில் நம் ஊரிலிருந்து போன தமிழர் வளர்த்த கோயில். மாலைப் பூசைக்குத் தனியாக வந்து நிற்கும் பெண்ணிடம் அங்கே யாராவது கதைத்தால், "எந்த ஊர்?" என்றுதான் தொடங்கியிருப்பார்கள். அதற்கு மட்டுமாவது நீங்கள் கூசாமல் பதில் சொல்லியிருக்கலாம்.

பினாங்கும் உங்களுக்கு ஏற்ற ஊர்தான். 2008இல் மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட ஜோர்ஜ் டவுனின் பழைய தெருக்களை நடந்தே பார்க்கலாம். குவீன் தெரு மாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டினது. பொழுது சாயும் முன் கம்பிவட ரயிலில் பினாங்கு மலைக்கு ஏறினால் கீழே நகரத்தின் விளக்குகள் எரியத் தொடங்குவதைப் பார்க்கலாம். பகற்பயணமாக எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வர்த்துக்குப் படகில் போய் வாருங்கள். அங்கே பன்னிரண்டு பேரை எண்ண வேண்டியதில்லை. நேரம் வந்தால் படகு புறப்படும்.

ஆனால் முதல் பகற்பயணத்தை இங்கிருந்தே தொடங்குங்கள். ஒரு சனிக்கிழமை, "நான் தனியாகக் காலிக்குப் போய்ப் பொழுதுபடத் திரும்பி வருகிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கடற்கரை ரயிலில் ஏறுங்கள். கோட்டை மதிலில் நடந்து, ஒரு கடையில் தனியே இருந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அன்று இரவு, பயணக் களைப்போடு வீட்டில் இருக்கும்போது, சிங்கப்பூருக்கும் தனியாகத்தான் போனேன் என்று சொல்லிவிடுங்கள். அவர் கோபிப்பார். ஓரிரு நாள் முகங்கொடுத்துக் கதைக்காமலும் இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கோபத்துக்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. கோபம் ஆறிய பின், பினாங்கில் தங்கப்போகும் ஹொட்டேலின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, அவர் விளக்கேற்றும் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுக்கலாம்.