வாசகர் கேள்வி – பதில்: லாங்வுட் சோலையும் அதன் ஊற்றுகளும்

நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே உள்ள, குட்டை மரங்கள் அடர்ந்த மலைக்காடான லாங்வுட் சோலையைப் பற்றிக் கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகள் இங்கே விடை பெறுகின்றன.

கேள்வி: எங்கள் ஊர்க் கிணறுகள் வறண்டு கிடந்த கோடையில் கோத்தகிரிக்குச் சென்றிருந்தோம். லாங்வுட் சோலையிலிருந்து இறங்கும் ஓடையில் மட்டும் தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. மழையே இல்லாத மாதத்தில் அது எங்கிருந்து வருகிறது? (வாசகி, திருப்பூர்)

பதில்: நீங்கள் கோடையில் பார்த்தது, முந்தைய பருவமழையில் மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர். கோத்தகிரி, தொட்டபெட்டா மலைத்தொடருக்குக் கிழக்கே இருப்பதால் தென்மேற்குப் பருவமழையின் வேகத்தை அந்த மலைத்தொடரே வாங்கிக்கொள்கிறது. கூடலூர்ப் பக்கம் ஆடியில் கொட்டித் தீர்க்கும் மழை இங்கு வந்து சேரும்போது பெரும்பாலும் சாரலாகிவிடும். இந்தப் பகுதிக்குக் கைகொடுப்பது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான்.

அந்த மழை சோலைக்குள் விழும் விதமே வேறு. சோலை மரங்கள் குட்டையானவை. அவற்றின் தழைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் குடைபோல் கவிந்திருப்பதால் துளிகள் மண்ணில் நேராக மோதாமல், இலைகளிலும் பாசி படர்ந்த கிளைகளிலும் வழிந்து, ஆண்டுக்கணக்கில் உதிர்ந்து மக்கிய சருகுப் படுகையின் மேல் மெதுவாக இறங்குகின்றன. சருகுக்கு அடியில் கறுத்த, பொலபொலவென்ற மண். அதற்கும் கீழே சிதைந்த பாறைப் படுகை. அதற்கும் அடியில் சார்னோகைட் என்னும் கடும்பாறை. அந்தப் பாறையை எட்டியதும் தண்ணீர் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்கிறது. மண்ணின் நுண்துளைகளுக்குள் அது நகரும் வேகம் மிகக் குறைவு என்பதால், சரிவின் மடிப்பில் வெளியே தலைகாட்டுவதற்குள் மாதங்கள் கடந்துவிடுகின்றன.

ஊற்றுக்கண் ஒன்றைக் குனிந்து பார்த்தால் இது விளங்கும். உள்ளங்கை அகலமுள்ள குழியின் அடியில் மணல் துகள்கள் ஓயாமல் எழும்பி எழும்பி அடங்கும். அவற்றைத் தள்ளும் தண்ணீர் கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருக்கும். பக்கத்துக் கல்லிடுக்கில் நகத்தளவு நண்டு ஒன்று கால்களை ஒடுக்கிக்கொள்ளும். இப்படிப் பல கண்கள் ஒன்றுகூடித்தான் ஓடை உருவாகிறது. அந்த ஓடையை நம்பிக் கீழே பல சிற்றூர்கள் குடிநீர் எடுக்கின்றன.

கேள்வி: கற்பூர மரங்கள் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகின்றன என்று எங்கள் தாத்தா சொல்வார். அது உண்மையா, வெறும் பேச்சா? (கல்லூரி மாணவர், குன்னூர்)

பதில்: தாத்தா சொன்னதில் உண்மை இருக்கிறது. யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரம் 1843 வாக்கில் நீலகிரிக்கு வந்தது. உதகையின் விறகுத் தேவைக்காகப் பின்னர் பெருமளவில் நடப்பட்டது. அதற்குச் சற்று முன்பே வாட்டில் எனப்படும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. உதகையை அடுத்த கிளன்மார்கன் பகுதியில் மண், நீர்வள ஆய்வாளர்கள் அருகருகே உள்ள இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை இயற்கையான புல்வெளியும் சோலையுமாகவே விட்டு, மற்றொன்றில் பாதிக்கும் மேற்பட்ட இடத்தில் கற்பூர மரம் நட்டு, பல ஆண்டுகள் நீரோட்டத்தை அளந்தார்கள். மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர், முதல் பத்தாண்டுச் சுற்றில் சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரம் என்றாலே தண்ணீர் பெருகும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எந்த மரம், எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

கேள்வி: ஏரியோ குளமோ இல்லாத ஒரு காட்டுக்கு ராம்சர் தகுதி கொடுத்தது எப்படி? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: ஈரநிலங்களைக் காப்பதற்காக ஈரானின் ராம்சர் நகரில் 1971-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, ஈரநிலம் என்பதில் ஊற்றுகளும் ஓடைகளும் நீர் தேங்கும் காட்டுப் பகுதிகளும் அடங்கும். சுமார் 116 ஹெக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலை அந்த அடிப்படையில்தான் 2024 ஜனவரியில், அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தோடு சேர்ந்து, பட்டியலில் இடம்பெற்றது.

கேள்வி: கோத்தகிரிக்கு வரலாற்றுச் சிறப்பு ஏதேனும் உண்டா, அல்லது எல்லாச் சிறப்பும் ஊட்டிக்கே போய்விட்டதா? (வாசகர், கரூர்)

பதில்: வரிசைப்படி பார்த்தால் கோத்தகிரிதான் ஊட்டிக்கு முந்தியது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து முதலில் வீடு கட்டியது கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில். உதகை ஏரிக்காக அவர் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டதெல்லாம் அதற்குப் பிந்தைய கதை. கன்னேரிமுக்கு வீடு பழுதுபார்க்கப்பட்டு இன்று நினைவகமாக நிற்கிறது. அங்குள்ள பழைய படங்களுக்காகவே ஒரு முறை போய்வரலாம்.

சல்லிவனோடு வரலாறு தொடங்கியதாக எழுதுகிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கோத்தர்கள் இங்கே இரும்பும் மண்பாண்டமும் செய்தார்கள். தோடர்களின் எருமைகள் மேலே புல்வெளிகளில் மேய்ந்தன. படுகர்களின் ஹட்டிகள் என்னும் ஊர்கள் தண்ணீர் கிடைக்கும் சரிவுகளைத் தேடி அமைந்தன. படுகர் வீட்டுத் திருமணத்தில், புகுந்த வீட்டுக்கு வந்த மணப்பெண் குடத்தோடு ஓடைக்குச் சென்று தண்ணீர் எடுத்து வருவது ஒரு சடங்கு. பின்னாளில் காபிக்கும் தேயிலைக்கும் சோலைகள் அழிந்தபோது, ஊருக்கருகே இவ்வளவு பெரிய சோலை ஒன்று தப்பியிருப்பதே வியப்பு. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் பலகாலம் இடம்கொடுத்து நலிந்த இந்தச் சோலை மீண்டு வந்ததில், வனத்துறையோடு சேர்ந்து உழைத்த உள்ளூர் மக்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

கேள்வி: மே மாத விடுமுறையில் பிள்ளைகளோடு லாங்வுட் சோலைக்குப் போகலாமா? விலங்குகள் தென்படுமா? ஓடையில் குளிக்க விடுவார்களா? (வாசகி, ஈரோடு)

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் இது காப்புக்காடு என்பதால், கோத்தகிரி வனச்சரக அலுவலகத்தில் முன்னதாக அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் பாதையிலேயே நடக்க வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடப்பில் இருக்கிறது. கிளம்பும் முன் அதன் விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலங்குகளை விடப் பறவைகளை எதிர்பார்த்துப் போவது நல்லது. இங்கே 177 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 இனங்களில் 14 இங்கு உண்டு. முதலில் காதில் விழுவது நீலகிரிச் சிரிப்பானின் கூட்டுச் சிரிப்பாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். விக்கி என்னும் சோலை மரத்தின் பழங்களையும் காட்டு நாவல் பழங்களையும் முழுதாக விழுங்கும் நீலகிரிக் காட்டுப்புறா உச்சிக்கிளைகளில் அசையாமல் அமர்ந்திருக்கும் என்பதால், மரத்தடியில் புதிதாக விழுந்த பழங்களைக் கண்டால் அண்ணாந்து பாருங்கள். மலை அணிலும் அங்கேதான் தென்படும்.

காட்டெருமை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் பசுவைப்போல் நின்று மேய்வதைப் பார்த்துவிட்டுப் படமெடுக்க நெருங்குகிறவர்கள்தான் முட்டு வாங்குகிறார்கள். அது தலை நிமிர்த்திச் சீறினால், ஓடாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். அதற்கும் சோலைக்கும் நடுவே நிற்காதீர்கள். கரடி நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

குளிக்க அனுமதியில்லை, கைகால் கழுவ சோப்பும் வேண்டாம், அது அடுத்தவர் வீட்டுக் குடிநீர். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். ஊற்றருகே உப்பைக் கொட்டாமல், அட்டையின் வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து நெம்பித் தள்ளினாலே விழுந்துவிடும். காலையில் சோலையை முடித்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் கோடநாடு காட்சிமுனைக்குப் போனால், மேகம் இல்லாத நாளில் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் ரங்கசாமி மலையும் நன்றாகத் தெரியும்.